சிக்கிமா, பூட்டானா?

மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா விமான நிலையத்து வாசலில் இரண்டுக்கும் வண்டி கிடைக்கும். சிக்கிம் தலைநகர் கேங்டாக் போக நாலைந்து மணி நேரம். பூட்டான் எல்லையில் இருக்கும் புன்ட்ஷோலிங் போகவும் ஏறத்தாழ அவ்வளவுதான். செலவில்தான் இரண்டும் பிரிகின்றன.

பூட்டானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இந்தியர் தலைக்கு 1,200 ரூபாய் அரசுக்குக் கட்ட வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாதி. கணவன், மனைவி, அந்த வயதில் இரண்டு பிள்ளைகள், ஐந்து இரவு என்றால் 18,000 ரூபாய். ஓட்டல், வண்டி, வழிகாட்டி எல்லாம் தனி. சிக்கிமில் இரவுக் கணக்கில் யாரும் வசூலிப்பதில்லை.

ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன் இரண்டுமே மன்னர் ஆண்ட மலை நாடுகள்தான். 1950 ஒப்பந்தத்தில் சிக்கிம் இந்தியாவின் பாதுகாப்புக்கு உட்பட்ட பகுதியானது. பூட்டானோ 1949-ல், வெளியுறவில் இந்தியாவின் ஆலோசனையைக் கேட்பதாக ஒப்புக்கொண்டதோடு சரி. 1971-ல் ஐ.நா.விலும் சேர்ந்துவிட்டது. என்னைக் கேட்டால் அதைக் காப்பாற்றியதே இந்த நாற்காலிதான்.

சிக்கிமில் பெரும்பான்மையினர் நேபாளி பேசுபவர்கள். 1973-ல் சோக்யால் என்று அழைக்கப்பட்ட மன்னருக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. 1975 ஏப்ரலில் இந்திய ராணுவம் அரண்மனைக் காவலர்களின் ஆயுதங்களைப் பறித்தது; சில நாளில் வாக்கெடுப்பு; மே 16 அன்று சிக்கிம் 22-வது மாநிலம். பக்கத்து வீட்டில் நடந்ததைப் பூட்டான் மறக்கவில்லை. அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் அதன் தெற்கே வாழ்ந்த நேபாளி பேசும் மக்கள். 1990-களில் அவர்களில் ஒரு லட்சம் பேர் அளவுக்கு வெளியேற்றப்பட்டு நேபாளத்தில் அகதி முகாம்களில் இருந்தார்கள். ‘மகிழ்ச்சி நாடு’ விளம்பரங்களில் இது வராது. 2008-ல் பூட்டான் அரண்மனையே முன்னின்று தேர்தல் நடத்தியதையும் சொல்லியாக வேண்டும்.

பூட்டான் 1974-ல் சுற்றுலாவுக்குக் கதவைத் திறந்தபோதே கூட்டம் குறைவாக, வரவு நிறைய என்று முடிவு செய்துவிட்டது. சிக்கிம் அப்படி இல்லை. ஷேர் ஜீப்பில் இடித்துக்கொண்டு போகலாம், சாயங்காலம் கேங்டாக்கின் எம்.ஜி. மார்க் கடைத்தெருவில் மோமோ சாப்பிடலாம். தடுப்பது ராணுவமும் வானிலையும்தான். சீன எல்லையில் 4,310 மீட்டர் உயரத்தில் உள்ள நாதுலா கணவாய்க்கு முன்கூட்டியே பர்மிட் எடுக்க வேண்டும். திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். மழைக்காலத்தில் டீஸ்டா ஆற்றோர நெடுஞ்சாலை சரியும். 2023 அக்டோபர் வெள்ளத்தில் சுங்தாங் அணையே போய்விட்டது.

இளவட்டங்கள் சேர்ந்து போனால் கண்ணை மூடிக்கொண்டு சிக்கிம். பெற்றோரைக் கூட்டிப் போவதாக இருந்தால் பணத்தைப் பார்க்காமல் பூட்டான்: திம்புவும் பாரோவும் 2,300 மீட்டரை ஒட்டித்தான் இருக்கின்றன, மூச்சு அவ்வளவாக வாங்காது. 3,120 மீட்டரில் பாறையில் தொங்கும் தக்ட்சாங் மடத்தை அவர்கள் கீழே இருந்தே பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், பூட்டானுக்கு ஆதார் செல்லாது. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள்.