எழுத்திலிருந்து வீடியோ: முதலில் எந்தக் கருவியைத் தொடுவது?

எழுத்தைக் கொடுத்தால் வீடியோ தரும் ஏஐ கருவி எது என்று தேடினால் ரன்வே, வியோ, கிளிங், லூமா, பிகா, சிந்தீசியா, ஹெய்ஜென், இன்வீடியோ என்று நீளப் பட்டியல் வந்து விழும். இதில் எது சிறந்தது என்றுதான் உடனே கேட்கத் தோன்றும். ஆனால் இந்தப் பெயர்களில் பாதிக்கு ஒன்றோடொன்று போட்டியே கிடையாது. மூன்று வேறு வேலைகளைச் செய்யும் கருவிகளை ஒரே கூட்டத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

முதல் வகையில் இன்வீடியோ, பிக்டரி போன்றவை வரும். நீங்கள் தரும் எழுத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் ஸ்டாக் கிளிப்பை (ஏற்கெனவே படம்பிடித்துச் சேமித்து வைத்த பொதுக் காட்சித் துண்டை) தேடி ஒட்டி, மேலே குரலும் சப்டைட்டிலும் போட்டுத் தருவது இவற்றின் அடிப்படை வேலை. இரண்டாவது வகை, சிந்தீசியா, ஹெய்ஜென் போன்ற அவதார் கருவிகள். கேமராவைப் பார்த்து ஓர் உருவம் நிற்கும். நீங்கள் எழுதியதை உதடசைத்துப் பேசும். மூன்றாவதுதான் எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்கும் வகை. யாரும் படம்பிடிக்காத காட்சியைப் புதிதாகவே உருவாக்குபவை. ரன்வே, வியோ, கிளிங், லூமா, பிகா எல்லாம் இங்கேதான்.

மூன்று நிமிட விளக்க வீடியோ, பயிற்சி வீடியோ, செய்தித் தொகுப்பு மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் மூன்றாவது வகையைத் தொடவே தேவையில்லை. முதல் இரண்டில் ஒன்று வேலையை முடித்துவிடும், பார்க்கக் கொஞ்சம் சலிப்பாக இருந்தாலும். அவற்றைப் பற்றி இவ்வளவு போதும். அலசல் தேவைப்படுவது மூன்றாவது வகைக்குத்தான்.

ஏன் எல்லாமே சில விநாடிகள்?

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் இதுதான். ஒரு முழுக் கதையை எழுதிக் கொடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் 5 விநாடி, 8 விநாடி, 10 விநாடி. இது சும்மா சந்தா வாங்க வைக்கும் தந்திரம் இல்லை. இந்தக் கருவிகளுக்குள் இருக்கும் ஏஐ மாடல்கள் ஒரு பிரேமை (வீடியோவின் ஒற்றைப் படத்தை) வரைந்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. அர்த்தமில்லாத புள்ளிக் குவியலில் தொடங்கி, கிளிப்பின் எல்லா பிரேம்களையும் சேர்த்து ஒன்றாகவே படிப்படியாகத் தெளிவாக்குகின்றன. விநாடிக்கு 24 பிரேம் என்றால் 5 விநாடிக்கே 120 பிரேம். ஒவ்வொரு பகுதியும் மற்ற எல்லாப் பகுதிகளோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டியிருப்பதால், நீளம் இரண்டு மடங்கானால் கணக்கு வேலை அதைவிட வேகமாக ஏறும்.

'நீட்டு' (Extend) என்று ஒரு பொத்தான் பல கருவிகளில் உண்டு. முடிந்த கிளிப்பின் கடைசிப் பகுதியை எடுத்து அங்கிருந்து தொடரும். ஒரு முறை நீட்டினால் பரவாயில்லை. நாலைந்து முறை நீட்டினால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, முகம் வேறொருவருடையதாக மாறத் தொடங்கும். அதனால் நீளத்தை வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எப்படியும் சின்ன ஷாட்டுகளை எடிட்டரில் (வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருளில்) ஒட்டித்தான் வேலை நடக்கப்போகிறது.

வியோ, கிளிங், ரன்வே

கூகுளின் வியோ 3, 2025 மே மாதம் வந்தபோது ஒரு விஷயத்தை மாற்றியது: காட்சியோடு சேர்த்து ஒலியும். காலடிச் சத்தம், மழைச் சத்தம், பாத்திரங்கள் பேசும் வசனம் எல்லாம் ஒரே பிராம்ப்டில் (கருவிக்கு நாம் எழுதித் தரும் குறிப்பில்) வந்தன. அதுவரை வெளிவந்த கருவிகள் பெரும்பாலும் ஊமைப்படம்தான் தந்தன. அப்புறம் மற்றவர்களும் ஒலியைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். ஒரு தடவைக்கு 8 விநாடி. எழுதியதைப் புரிந்துகொள்வதிலும் வியோ கெட்டி. பிராம்ப்டில் நாலு விஷயம் சொன்னால் நாலையும் வைக்கப் பார்க்கும். பேசும் பாத்திரம் வேண்டும், ஒலிக்குத் தனியாக மெனக்கெட முடியாது என்பவர் இங்கே தொடங்கலாம். ஆனால் வசனம் ஒரு சொல் பிசகினாலும் முழுக் கிளிப்பையும் திரும்ப உருவாக்க வேண்டும்.

சீனாவின் குவாய்ஷோ நிறுவனம் 2024 ஜூனில் கொண்டுவந்த கிளிங்கின் பலம் அசைவு. ஓடுவது, ஆடுவது, சாப்பிடுவது போன்ற உடல் வேலைகளில் அது ஆரம்பத்திலிருந்தே நல்ல பெயர் வாங்கியது. முதல் பிரேமும் கடைசி பிரேமும் இதுதான் என்று இரண்டு படங்களைக் கொடுத்து, நடுவில் நடப்பதை மட்டும் அதனிடம் விடலாம். இந்த ஒரு வசதி நீளமான பிராம்ப்டைவிட அதிகக் கட்டுப்பாட்டைத் தரும்.

ரன்வே இந்தத் துறையில் மூத்தவர். 2018-ல் நியூயார்க்கில் தொடங்கி, 2023-லேயே ஜென்-2 மூலம் எழுத்திலிருந்து வீடியோவைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது. 2025 மார்ச்சில் வந்த ஜென்-4, ஒரே பாத்திரம் வெவ்வேறு ஷாட்டுகளிலும் அதே முகத்தோடு வரவேண்டும் என்ற பிரச்சினையைக் குறிவைத்தது. சுவாரசியம் என்னவென்றால், அது வெளிவந்தபோது வெறும் எழுத்தை மட்டும் ஏற்கவில்லை. தொடக்கப் படம் ஒன்றைக் கேட்டது. எழுத்திலிருந்து வீடியோ என்ற துறையின் மூத்தவரே எழுத்து மட்டும் போதாது என்று சொன்னது போலத்தான் இது. தொடர்கதை, பல ஷாட் கொண்ட குறும்படம் என்று திட்டம் இருந்தால் ரன்வே பக்கம் போங்கள். ஒற்றை ஷாட் வேடிக்கைக்கு அது தேவையில்லாத செலவு.

லூமாவின் ட்ரீம் மெஷின் எளிமையானது, ஒரு படம் இன்னொரு படமாக மாறும் காட்சிகளுக்கு ஏற்றது. பிகா விளையாட்டுத்தனமான எஃபெக்டுகளுக்கு: பொருளை நசுக்குவது, உருக்குவது, ஊதிப் பெரிதாக்குவது. ஓப்பன்ஏஐயின் சோரா 2024 பிப்ரவரியில் ஒரு நிமிடம் வரை ஓடும் மாதிரிகளைக் காட்டி எல்லோரையும் அதிரவைத்தது, பொதுப் பயன்பாட்டுக்கு வர டிசம்பர் ஆகிவிட்டது. விளம்பரக் கிளிப்பைப் பார்த்து எந்தக் கருவியையும் எடைபோடாதீர்கள். அங்கே வைப்பது எத்தனையோ முயற்சிகளில் பொறுக்கி எடுத்தது.

சொந்தக் கணினியில் ஓட்டினால்?

இதற்கும் வழி உண்டு. அலிபாபா 2025 பிப்ரவரியில் வான் 2.1 மாடலை, யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம் என்ற அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்து விட்டது. அதன் சிறிய வடிவம், 1.3 பில்லியன் அளவுருக்கள் கொண்டது, சுமார் 8.19 ஜிபி வீடியோ மெமரியில் ஓடும் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4090 என்ற விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டில் 480பி தரத்தில் 5 விநாடி கிளிப்புக்கு ஏறக்குறைய 4 நிமிடம். கிரெடிட் (இணையக் கருவிகளில் ஒவ்வொரு கிளிப்புக்கும் கழியும் புள்ளி) தீர்ந்துவிடும் என்ற பயம் இல்லாமல் ராத்திரி முழுக்க ஓட விடலாம். ஆனால் இத்தகைய மாடல்களை இயக்கும் காம்ஃபி யூஐ மென்பொருளை நிறுவுவது, மாடல் கோப்புகளை இறக்குவது, பிழைச் செய்தியைத் துரத்துவது என்று முதல் சில நாட்கள் வீடியோவே வராது. நல்ல கார்டும் பொறுமையும் ஏற்கெனவே இருந்தால் மட்டும் இந்த வழி. இதற்காகக் கார்டு வாங்குவது என் பார்வையில் வீண்.

செலவை எப்படி ஒப்பிடுவது?

சந்தாத் தொகைகளை அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. உருவாக்கிய விநாடிக்கு எவ்வளவு என்பதைவிட, பயன்படுத்த முடிந்த விநாடிக்கு எவ்வளவு என்பதுதான் கணக்கு. நாலில் ஒரு கிளிப் தேறினால், 5 விநாடி காட்சிக்கு நீங்கள் கொடுத்த காசு 20 விநாடிக்கானது. மலிவான கருவியில் எட்டில் ஒன்றுதான் தேறுகிறது என்றால் அது மலிவே இல்லை. ஜென்-4 வந்த காலத்தில் ரன்வேயில் விநாடிக்கு 12 கிரெடிட், அதன் வேகமான டர்போ வடிவத்தில் 5 கிரெடிட். இலவசமாகக் கிடைத்த 125 கிரெடிட்டில் டர்போ 25 விநாடிதான் வரும். வேகமான வடிவத்தில் பிராம்ப்டைச் சரிபார்த்துவிட்டு, கடைசியில் மட்டும் உயர்தர வடிவத்துக்குப் போவது புத்திசாலித்தனம்.

தேறும் விகிதத்தைத் தெரிந்துகொள்ள எல்லாக் கருவியிலும் ஒரே இரண்டு பிராம்ப்டுகளைப் போட்டுப் பாருங்கள். ஒன்று: ஒரு கை, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறது, கேமரா மெல்ல நெருங்குகிறது. விரல்கள், திரவம், ஒளி ஊடுருவும் பொருள் என்று மூன்று கஷ்டங்களும் இதில் இருக்கின்றன. இரண்டு: ஒருவர் முதுகைக் காட்டித் திரும்பி, மறுபடி கேமராவைப் பார்க்கிறார். திரும்பி வருவது அதே முகமா?

பிராம்ப்டில் ஒரு ஷாட், ஒரு செயல், ஒரு கேமரா அசைவு போதும். 'மழை இல்லை' என்று எழுதினால் மழை வந்து நிற்கும் வாய்ப்பு அதிகம். 'வெயில் அடிக்கும் வானம்' என்று வேண்டியதையே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நன்றாகப் புரிந்துகொள்கின்றன, ஏனென்றால் பெரும்பாலான பயிற்சி விவரணைகள் ஆங்கிலத்தில்தான். தமிழில் யோசித்து, சாட்பாட்டிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். திரையில் தமிழ் எழுத்து வர வேண்டுமென்றால் மாடலை நம்ப வேண்டாம், கோணல்மாணலாகத்தான் வரும். எடிட்டரில் சேர்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: நேராக எழுத்திலிருந்து வீடியோவுக்குப் போகாமல், முதலில் ஒரு படத்தை உருவாக்கி, பிடித்த பிறகு அதை அசைய வைப்பது. படத்தில் தவறு வந்தால் சில விநாடிகளில் மாற்றலாம், செலவும் கொஞ்சம். ஆள், உடை, வெளிச்சம் எல்லாம் படத்திலேயே முடிவாகிவிடுவதால் வீடியோ பிராம்ப்டில் அசைவை மட்டும் சொன்னால் போதும். தேறும் விகிதம் கண்ணெதிரே ஏறும். மேலே சொன்ன வியோ, கிளிங், ரன்வே, லூமா, பிகா எல்லாவற்றிலும் இது முடியும்.

இலவசத் திட்டங்களில் வாட்டர்மார்க், குறைந்த தரம், நீண்ட வரிசை, வணிகப் பயன்பாட்டுக்குத் தடை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும்; உரிமப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். வியோ கிளிப்புகளில் இது ஏஐ உருவாக்கியது என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத சிந்த்ஐடி குறியீடும் பதிந்திருக்கும். நிஜம் போலத் தெரியும் செயற்கைக் காட்சிகளை அறிவித்துத்தான் ஏற்ற வேண்டும் என்று யூடியூபும் 2024 மார்ச்சிலிருந்து கேட்கிறது.

சந்தாவை மாதாமாதம் எடுங்கள். வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி தருவார்கள்தான். ஆனால் இந்தத் துறையில் முதலிடம் சில மாதங்களுக்கு ஒருமுறை கை மாறிக்கொண்டே இருக்கிறது.