வீட்டிலிருந்தே டிராவல்ஸ்: சீசனைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள், எச்சரிக்கை

வீட்டிலிருந்தபடியே டிராவல் ஏஜென்சி நடத்தலாம் என்று வரும் விளம்பரங்களுக்கென்று ஒரு காலம் உண்டு. பள்ளித் தேர்வுகள் முடியும் மார்ச் கடைசியில் தலைகாட்டும். ஆயுத பூஜை விடுமுறைக்கு முன் ஒரு சுற்று வரும், கார்த்திகையில் மாலை போடும் நேரத்தில் இன்னொரு சுற்று. 'உங்கள் பின்கோடுக்கு ஒருவர் மட்டும்', 'சீசன் தொடங்கிவிட்டது' என்ற இரண்டு வரிகளும் தவறாமல் இருக்கும். 2025 மார்ச் கடைசியில் மதுரையில் அப்படி ஒரு நிறுவனம் நடத்திய கூட்டத்தில் நான் பணம் கட்டினேன். உரிமக் கட்டணம் 40,000 ரூபாய், வாலட்டில், அதாவது டிக்கெட் போடுவதற்காக அவர்களிடம் வைக்கும் கணக்கில், முன்பணம் 25,000 ரூபாய். வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லலாம். வேறு பெயரில் வருபவர்களும் ஏறக்குறைய இதே வழியில்தான் வருவார்கள்.

ஓட்டல் மண்டபம், கேசரி, காபி. சுவர் முழுக்க ஸ்ரீநகர் துலிப் தோட்டம். மைக் பிடித்தவரின் பேச்சில் வரவு செலவுக் கணக்கு ஒன்றுகூட இல்லை, அவசரம் மட்டும்தான் இருந்தது. "ஏப்ரல், மே இரண்டே மாதம். போட்ட பணத்தை எடுத்துவிடலாம். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளுங்கள்" என்றார். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். "தாராளமாக, மேடம். ஆனால் உங்கள் பின்கோடைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்" என்று பின்வரிசையைக் காட்டினார். அந்த இருவரில் ஒருவரைப் பிற்பாடு அவர்களுடைய திருநெல்வேலிக் கூட்டத்துப் புகைப்படத்திலும் பார்த்தேன். அங்கேயும் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில்தான் சூது இருக்கிறது. ஒரு பிரிவு, லாகின், அதாவது டிக்கெட் போடும் தளத்துக்குள் நுழையும் அனுமதி, '45 வேலை நாட்களுக்குள்' வழங்கப்படும் என்கிறது. அதற்கு நான்கு பத்தி தள்ளி இன்னொரு பிரிவு, திருப்தி இல்லையென்றால் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து உரிமக் கட்டணத்தில் பாதியைத் திரும்பப் பெறலாம் என்கிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே நியாயமாகத் தெரியும். சனி, ஞாயிறு கழித்து எண்ணிப் பாருங்கள்: 45 வேலை நாட்கள் என்பது ஒன்பது வாரம், அதாவது 63 நாட்கள். இடையில் வரும் அரசு விடுமுறைகள் தனி. லாகினைத் திறந்து பார்த்துத் திருப்தியா இல்லையா என்று முடிவுசெய்வதற்குள் கெடு முடிந்திருக்கும். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதிய பிரிவுகள் இவை. தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்தது ஜூன் 2. எனக்கு லாகின் வந்தது அதற்கு அடுத்த வாரம்.

இடைப்பட்ட காலத்தில் சும்மா இருக்கவும் விடவில்லை. பயிற்சி வகுப்பில் ஒருவர், "ஏஜென்ட் ஐடி வரும்வரை உங்கள் சொந்த ஐஆர்சிடிசி கணக்கிலேயே டிக்கெட் போட்டுக் கொடுங்கள், டிக்கெட்டுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அங்கீகாரம் இல்லாமல் ரயில் டிக்கெட் வாங்கி விற்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிபட்டால் ரயில்வே பாதுகாப்புப் படையின் முன் நிற்கப்போவது உங்கள் பெயரில் உள்ள கணக்குதான், மைக் பிடித்தவர் அல்ல. என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்க்கிறார். இதைக் கேட்டதும் என் கணக்கின் கடவுச்சொல்லையே மாற்றி வைத்துவிட்டார்.

ஆனால் பேக்கேஜ்களை அவர்களுடைய தலைமை அலுவலகம் வழியாகப் போடலாம் என்றார்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரும் அவர் கணவரும் காஷ்மீர் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஏப்ரல் கடைசி வாரப் பயணம், விமானக் கட்டணமும் ஓட்டலும் சேர்த்து 84,000 ரூபாய், முழுத் தொகையும் நிறுவனத்தின் கணக்குக்குப் போனது. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் தாக்குதல் நடந்தது. நாடு முழுவதும் காஷ்மீர்ப் பயணங்கள் ரத்தாயின, டீச்சர் வீட்டிலும் ரத்து செய்தார்கள். ஸ்ரீநகர் டிக்கெட்டுகளுக்கு ரத்துக் கட்டணம் கிடையாது என்று விமான நிறுவனங்கள் அப்போது அறிவித்திருந்ததால் பணம் வந்துவிடும் என்று நானும் தைரியம் சொன்னேன்.

வந்தது ஒரு பிடிஎஃப். 'கிரெடிட் நோட்' என்று தலைப்பு. 'சேவைக் கட்டணம்' என்று 11,000 ரூபாய் கழித்து, மிச்சத்துக்கு ஓராண்டுக்குள் அவர்களிடமே வேறு பேக்கேஜ் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. டீச்சரின் மகன் பிஎன்ஆர் எண்ணை வைத்து நேரடியாக விமான நிறுவனத்தையே கேட்டார். முழுக் கட்டணமும் டிக்கெட் போட்ட ஏஜென்டின் கணக்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. ஆக, பணம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, காகிதம் எங்கள் கையில் இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் ஒரு வாரம் ஒருவர் பேசுவார், அடுத்த வாரம் வேறொருவர் முதலிலிருந்து கதை கேட்பார். தினமும் காலையில் பால் வாங்கப் போகும்போது டீச்சர் கேட்பார்: "என்னம்மா, ஏதாவது சொன்னார்களா?" ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. என் சங்கிலியை அடகு வைத்து அவருக்குக் கொடுத்து முடித்தேன். தெருவில் தொழில் செய்பவருக்கு வேறு வழி இல்லை. இந்த நிறுவனங்கள் விற்பதே உங்கள் அக்கம்பக்கத்து நம்பிக்கையைத்தான். பயணிகளைப் பிடிக்க அவர்கள் பைசா செலவழிக்காமல் உங்கள் முகத்தை வைத்தே பிடிக்கிறார்கள்.

பிறகு வந்த லாகினைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரை–சென்னை ஆம்னி பஸ் கட்டணம் எல்லோரும் வைத்திருக்கும் செயலிகளைவிடக் கூடுதலாக இருந்தது. விமான நிறுவனங்கள் ஏஜென்டுகளுக்கு அடிப்படைக் கமிஷன் தருவதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆகின்றன. கூட்டத்தில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கொடைக்கானல் பேக்கேஜில் 'இ-பாஸ் கட்டணம் 500' என்று ஒரு வரி இருந்தது. இ-பாஸ் என்பது கொடைக்கானலுக்குள் வாகனம் நுழைய அரசு இலவசமாகத் தரும் அனுமதி. அந்த சீசனில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று வரம்பு வேறு இருந்தது. 'தட்கல் உங்கள் விரல்நுனியில்' என்றார்களே, 2025 ஜூலை 1 முதல் தட்கல் தொடங்கும் முதல் அரை மணி நேரம் ஏஜென்டுகளுக்குக் கதவு அடைப்பு. அந்த அரை மணிக்குப் பிறகு தட்கலில் மிச்சம் என்ன இருக்கும் என்று ரயிலில் போகிற எல்லோருக்கும் தெரியும்.

சீசன் விஷயத்துக்கு வருகிறேன். இவர்களின் வியாபாரமே அதை வைத்துத்தான். பயணிகள் கிளம்பும் மாதம் வேறு, பணம் கைமாறும் மாதம் வேறு. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. மே 10 அன்று கிளம்பும் ரயிலுக்கு மார்ச் 11 அன்றே டிக்கெட் போட்டிருக்க வேண்டும். மார்ச் கடைசியில் உரிமம் வாங்குபவருக்கு அந்தக் கோடை ஏற்கெனவே போய்விட்டது. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. ஊருக்குக் கிளம்ப வசதியான அக்டோபர் 17 வெள்ளிக்கிழமைக்கு முன்பதிவு தொடங்கியது ஆகஸ்ட் 18. பாண்டியன், நெல்லை, பொதிகை எல்லாம் அன்று காலையிலேயே நிரம்பிவிடும் ரயில்கள். ஆகஸ்டில் தயாராக இல்லாதவருக்குத் தீபாவளி சீசன் கிடையாது.

பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் வெகு காலமாக வேன் ஓட்டுபவர் ஒருவரிடம் கடைசியாகப் போய் நின்றேன். அண்ணன் சொன்ன கணக்கு வேறு. ஜூன், ஜூலையில் தொடங்க வேண்டும் என்கிறார். மே மாதத்தில் கொடைக்கானல் ஓட்டல்காரர் புது ஏஜென்டின் போனைக்கூட எடுக்கமாட்டார்; ஜூலையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, அறை வாடகை பேசுவார். ஆடியில் அம்மன் கோயில்களுக்கு வேன் போகும், குற்றாலத்துக்கும் போகும். சின்னப் பயணங்கள், தவறு நேர்ந்தாலும் தாங்கக்கூடிய தொகை. புரட்டாசியில் பெருமாள் கோயில்கள், அதற்குள் நான்கு பேருக்கு உங்களைத் தெரிந்திருக்கும், பிறகு கார்த்திகையில் சபரிமலை. ஆடியில் தொழில் தொடங்குவதா என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனி முடிவதற்குள் பூஜையைப் போட்டுவிட்டால் அந்தச் சிக்கலும் இல்லை. இதற்கு 40,000 ரூபாய் உரிமம் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அப்படியும் யாரிடமாவது உரிமம் வாங்கத்தான் வேண்டுமென்றால், லாகினை முதலில் திறந்து காட்டச் சொல்லுங்கள், பணம் பிறகு. அதே நாள், அதே பஸ்ஸின் கட்டணத்தை உங்கள் செல்போனிலும் அவர்கள் திரையிலும் ஒப்பிடுங்கள். ஐயாட்டா (சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம்) அங்கீகாரம் இருக்கிறது என்றால் எண்ணைக் கேளுங்கள். ஐயாட்டாவின் தளத்திலேயே அதைச் சரிபார்க்கலாம். பணம் திரும்பத் தரும் கெடு, லாகின் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஒரு வரியைக் கேட்டாலே பலரும் பின்கோடு கதைக்குத் திரும்பிவிடுவார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு: 'இது வணிக ஒப்பந்தம், நீங்கள் நுகர்வோர் அல்ல' என்று எனக்கு வந்த பதில்தான் உங்களுக்கும் வரும். பயந்துவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கென்றே சேவை பெற்றவரையும் நுகர்வோராகவே கருதுகிறது. வழக்கெல்லாம் டெல்லியில்தான் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், அந்தப் பதிவு எண்ணும் வழக்கில் உதவும். வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காதீர்கள். கூட்டத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தையும் வைத்திருங்கள்.

என் புகார் மாவட்ட ஆணையத்தில் ஏற்கப்பட்டு அறிவிப்பு போயிருக்கிறது. பதில் மனு போட அவர்களுக்கு 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு கூட்டாகவும் புகார் கொடுக்கலாம். உங்கள் ஒப்பந்தத்திலும் ஆறாம் பக்கத்தில் அந்த 45-ம் 60-ம் இருந்தால், உங்கள் மாவட்டத்தில் அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மற்றவர்களையும் தேடிப் பிடித்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.