கோயில் வளாகத்துப் பள்ளி: ஒரு அம்மாவின் மதிப்புரை

கத்தோலிக்கப் பங்கு ஒன்று, அதாவது ஒரு மாதாகோயிலைச் சேர்ந்த சமூகம், நடத்தும் தொடக்கப்பள்ளியில் என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியே வந்திருக்கிறாள். நாங்கள் கத்தோலிக்கர் இல்லை. அப்போது சொந்தக்காரர்கள் கேட்டதும், இப்போது தெரிந்தவர்கள் கேட்பதும் இரண்டே கேள்விகள்தான். படிப்பு எப்படி? மதத்தைத் திணிப்பார்களா? இரண்டுக்கும் என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்: ஒரு பிள்ளை தப்பு செய்துவிட்டால், அந்தப் பள்ளியில் அதற்கப்புறம் என்ன நடக்கிறது? அந்தப் பள்ளி மேல் எனக்கு மரியாதை வந்தது அதனால்தான்.

முதலில் மத விஷயம். காலையிலும் மாலையிலும் செபம் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் திருப்பலி, அதாவது பூசை. எல்லாப் பிள்ளைகளும் கோயிலுக்குள் போய் உட்காருவார்கள். பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கும்போது கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மதப்பாடம் நடக்கும் மறைக்கல்வி நேரத்தில் இவர்களுக்குத் தனியாக நன்னெறி வகுப்பு. சேர்க்கைக்குப் போனபோது தலைமையாசிரியையாக இருக்கும் சிஸ்டரிடம் இதைப் பற்றி நேராகவே கேட்டேன். அவரும் நேராகவே பதில் சொன்னார்: "செபம் சொல்லிக்கொடுப்போம். யேசுவைப் பத்திப் பேசுவோம். அதை மறைக்க மாட்டோம். ஆனா யாரையும் விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு எங்க திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு." 1983-ல் வெளியான சட்டத்தொகுப்பில் 748-வது பிரிவு அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சொன்னபடியே நடந்துகொண்டார்கள். கர்த்தர் கற்பித்த செபம் என் மகளுக்கு மனப்பாடம். நாங்கள் வீட்டில் சொல்வதும் அவளுக்கு மனப்பாடம். இரண்டும் அவளுக்குள் சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் மூலையில் ஒரு சின்ன மேசை, அதன்மேல் ஒரு துணி, ஒரு விவிலியம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் துணி ஊதா. கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்கா எனும் ஈஸ்டருக்கும் வெள்ளை. தூய ஆவியார் பெருவிழாவுக்குச் சிவப்பு. இந்தச் சிறப்புக் காலங்கள் இல்லாத பொதுக்காலம் முழுக்கப் பச்சை. மாற்ற வேண்டிய நாளில் ஒரு பிள்ளை பழைய துணியை மடித்து வைத்துவிட்டுப் புதியதை விரிக்க வேண்டும். அது எந்த மதத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். என் மகள் ஒருமுறை பச்சையை எடுத்து ஊதாவை விரித்துவிட்டு வந்து, "இனிமே நாற்பது நாள் இதுதான்மா" என்று அவ்வளவு பொறுப்பாகச் சொன்னாள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மூன்றாம் வகுப்பில் என் மகளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து ஒரு பிள்ளையை ஸ்கிப்பிங் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். அவளைப் போலவே திக்கிப் பேசியும் காட்டியிருக்கிறார்கள். டைரியில் "மாலை வந்து சந்திக்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தது. போனேன். சிஸ்டர் என்னிடம் புகார் வாசிக்கவில்லை. என்னை உட்காரச் சொல்லிவிட்டு மகளிடம்தான் பேசினார்.

"என்ன செஞ்சே?"

சொன்னாள். முழுசாகச் சொல்லும்வரை சிஸ்டர் குறுக்கே பேசவில்லை.

"அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அழுகையா வந்திருக்கும் சிஸ்டர்."

"இப்ப எப்படிச் சரி பண்ணப்போறே?"

"சாரி சொல்றேன்."

"சொல்லணும். அது வாய் செய்யற வேலை. கை என்ன செய்யும்?"

மகள் யோசித்தாள். தன்னிடம் இருக்கும் புது ஸ்டிக்கர் அட்டையைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். சிஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். "நீ அவகிட்டேருந்து எடுத்தது ஸ்டிக்கர் இல்லையே. விளையாடற நேரத்தைத்தானே எடுத்தே? அதைத் திருப்பிக் கொடு." அந்த வாரம் முழுக்க இடைவேளையில் என்ன விளையாட்டு என்று அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். என் மகளும் தோழிகளும் கயிறு சுற்ற வேண்டும், குதிக்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது: "அவ உங்ககூட விளையாட மாட்டேன்னு சொன்னா, அது அவ இஷ்டம். வற்புறுத்தக் கூடாது. நீங்க கயிறைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருக்கணும்."

அந்தப் பிள்ளை முதலில் வரவே இல்லை. என் மகள் கயிறோடு நின்றுவிட்டு வந்து வீட்டில் அழுதாள். வார நடுவில் அந்தப் பிள்ளை வந்து குதித்திருக்கிறாள். நெருங்கிய தோழிகளாகிவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் யாருடைய பேச்சையும் என் மகள் அதற்குப் பிறகு நடித்துக் காட்டியதில்லை.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று ஒரு கத்தோலிக்கத் தோழியிடம் கேட்டேன். "இது எங்க பாவசங்கீர்த்தனத்தோட வரிசைதானே" என்றாள். மனம் வருந்துவது, வாய்விட்டு அறிக்கையிடுவது, பரிகாரம் செய்வது. பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, போகிறவர் செய்ய வேண்டியவை இவை. 1910-ல் திருத்தந்தை (போப்) பத்தாம் பத்திநாதர், நல்லது கெட்டது பகுத்தறியும் வயது ஏறக்குறைய ஏழு என்று வரையறுத்து, அந்த வயதிலேயே பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கலாம் என்றார். புதுநன்மைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதனால் இரண்டாம், மூன்றாம் வகுப்புக் காலத்தில்தான் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகிறார்கள். இந்தப் பள்ளி அந்த வரிசையை எடுத்து, மதப் பெயர் எதுவும் சூட்டாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் நடைமுறை ஆக்கியிருக்கிறது. முட்டி போடச் சொல்வதும் இல்லை, வகுப்பு முன்னால் நிறுத்தி அவமானப்படுத்துவதும் இல்லை. அதற்காகச் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. பரிகாரம் என்பது பட்டவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கும் அதே சட்டம் என்பதை நான்காம் வகுப்பில் பார்த்தேன். நூலகப் புத்தகத்தைக் கிழித்துவிட்டான் என்று ஒரு பையனை அவர்கள் மிஸ் திட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் ஏற்கெனவே கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலை மிஸ் வகுப்பு முன்னால் நின்று, "நேத்து விசாரிக்காமத் திட்டிட்டேன். தப்பு என் மேல. எல்லார் முன்னாடியும் திட்டினேன், அதனால எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன்" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை ஒட்டியிருக்கிறார்கள். "மிஸ்ஸே சாரி கேட்டாங்கம்மா" என்று மகள் வந்து சொன்னபோது அவள் முகத்தில் இருந்த ஆச்சரியத்தை நான் மறக்க மாட்டேன். நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் மாணவரிடம் மன்னிப்பு கேட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வகுப்பிலிருந்து, கடைசி மணிக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரவைக்கிறார்கள். இன்று எதற்கு நன்றி, எங்கே தவறினேன், நாளைக்கு என்ன செய்வேன் என்று மிஸ் மெதுவாகக் கேட்பார். யாரும் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 16-ம் நூற்றாண்டில் கற்பித்த ஆன்ம சோதனையின் எளிய வடிவம் இது. லீவு நாளிலும் படுக்கும் முன் மகள் இதைச் செய்கிறாள்.

இப்போது படிப்பு. கத்தோலிக்கப் பள்ளியின் கல்வித்தரம் அந்தப் பகுதியின் மற்றப் பள்ளிகளுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அதே திருச்சபைச் சட்டத்தின் 806-வது பிரிவு சொல்கிறது. அந்த அளவுகோலை வைத்தே பார்த்தால், வாசிப்பில் இந்தப் பள்ளி மற்றவற்றைவிட மேல். ஆசிரியர் அறையில் ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் படம் மாட்டியிருக்கிறது. 17-ம் நூற்றாண்டு பிரான்சில், முதலில் லத்தீன் என்றிருந்த வழக்கத்தை விட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் பேசும் மொழியிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர். 1950-ல் ஆசிரியர்கள் எல்லாருக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர். படம் வெறும் அலங்காரத்துக்கு இல்லை. முதல் இரண்டு வகுப்புகளில் வீட்டு மொழியில் தடுக்காமல் வாசிக்க வைத்துவிட வேண்டும் என்று மெனக்கெடுகிறார்கள். திருப்பலியில் வாசகம் வாசிக்கப் பிள்ளைகளைப் பழக்குவதால், மைக் முன்னால் நிறுத்தி நிதானமாகப் படிக்கவும் வருகிறது.

கணக்கு சுமார்தான். வாய்ப்பாடு, கூட்டல் கழித்தல் எல்லாம் உறுதி. ஆனால் நாலு வரிக் கணக்கைப் படித்துப் புரிந்துகொண்டு போடுவதில் பின்தங்குகிறார்கள். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருந்தது. அறிவியலில் செய்து பார்ப்பதைவிடப் படித்து ஒப்பிப்பதே அதிகம். நூலகத்தில் புனிதர்களின் வரலாறு நிறைய இருக்கிறது, பறவை, பூச்சி, நட்சத்திரம் பற்றிய புத்தகங்கள் குறைவு. திருவிழா நெருங்கினால் பாட்டு, நாடக ஒத்திகையில் பாடவேளைகள் காணாமல் போகின்றன.

கட்டணச் சலுகையை அவர்கள் கையாளும் விதம் மிக நேர்த்தி. பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833-ல் பாரிஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவரும் அவர் நண்பர்களும் தொடங்கியது. அந்தச் சபை மூலமாகத்தான் முடியாதவர்களுக்கு உதவி போகிறது. வகுப்பில் பெயர்ப்பட்டியல் வாசிக்கிற பேச்சே இல்லை. பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுகிறார்கள். யார் பணம் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

எனக்கு உண்மையான மனக்குறை நன்னெறி வகுப்பில்தான். மறைக்கல்விக்குப் பயிற்சி பெற்றவர்கள் வருகிறார்கள், நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. அதே நேரத்தில் அடுத்த அறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு, அன்று எந்த ஆசிரியர் சும்மா இருக்கிறாரோ அவர் வருவார். ஒரு கதை, கீழே ஐந்து கேள்வி, அவ்வளவுதான். அன்று மாலை என் மகளிடம் அவ்வளவு ஆழமாகப் பேசிய பள்ளி, எங்கள் பிள்ளைகளின் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் இப்படி விட்டிருப்பது வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று, பள்ளியின் தாளாளர் பங்குத்தந்தைதான். அவர் மாற்றலாகிப் போனால் பள்ளியின் போக்கும் மாறும். முன்பு இருந்த ஃபாதர் காலையில் வாசலில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அடுத்து வந்தவருக்குக் கட்டட வேலையிலேயே கவனம், பெற்றோர் கூட்டம் தள்ளிக்கொண்டே போனது. அன்றாடம் நடப்பது சிஸ்டரின் உறுதியால்தான். அதனால் உங்கள் பக்கத்துப் பங்குப் பள்ளியும் இப்படித்தான் இருக்கும் என்று நான் சொல்லிவிட முடியாது.

போய்ப் பார்க்கிறவர்கள் ஆண்டுவிழா அன்று போகாதீர்கள். சாதாரண நாளில் இடைவேளை நேரத்தில் போய், இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொண்டால் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளை கத்தோலிக்கர் இல்லையென்றால், மறைக்கல்வி நேரத்தில் அவர்களுக்கு யார், என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் படிவம் வாங்குங்கள்.

சின்னவனுக்கும் இங்கேயேதான் படிவம் கொடுத்திருக்கிறேன். கூடவே நன்னெறி வகுப்பைப் பற்றி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் அங்கேயே பிரித்துப் படித்தார். "நீங்க சொல்றது சரிதான்" என்றார். அடுத்த ஆண்டு அதற்கென்று ஒரு ஆசிரியரை ஒதுக்குவதாகவும், பாடத்திட்டம் போடும்போது பெற்றோரில் இரண்டு பேர் வந்து உட்கார வேண்டும் என்றும் சொன்னார். என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.