வைஃபை ‘சர்விஸ்’ என்று வந்து ரவுட்டரை ரீசெட் செய்கிறார்கள், உஷார்

கெடா மாநிலப் பீடோங் பக்கத்துத் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) தோட்ட வீடுகளிலும் ஏமாற்று நடப்பது இப்படி. “லைன் ஸ்லோவா இருக்கா?” என்று விசாரித்து வருபவர் ரவுட்டர் செயலியைத் திறந்து, ஆஃப்லைன் என்று சாம்பல் நிறத்தில் கிடக்கும் பெயர்களைக் காட்டுகிறார். “பாருங்க பாட்டி, இத்தனை பேர் உங்க லைனைத் திருடுறான்” என்கிறார். தனியாக இருக்கும் பெரியவர்கள் பயந்துபோய் 80 ரிங்கிட் கொடுத்துவிடுகிறார்கள். அவர் ரவுட்டரின் பின்பக்கச் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்துகிறார். பட்டியல் காலி. இன்டர்நெட்டும் காலி. அதைத் திரும்பக் கொண்டுவர ‘கன்ஃபிக் சார்ஜ்’ என்று இன்னொரு 120 ரிங்கிட்.

ஆஃப்லைனில் இருக்கும் கருவி ஒரு துளி டேட்டாகூட எடுக்காது. முன்பு எப்போதோ இணைந்ததை ரவுட்டர் ஞாபகம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஐபி முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண்) தீர்ந்துவிடும் என்று மிரட்டினாலும் நம்பாதீர்கள். ரவுட்டர் அதைச் சில மணி நேரத்துக்கோ ஒரு நாளுக்கோதான் கொடுக்கிறது; கெடு முடிந்தால் தானாகத் திரும்பிவிடும்.

பெயர்கள் ஏன் இத்தனை? கேஎல்லிலும் ஜேபியிலும் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வந்து இணைத்த போன்கள் எல்லாம் அதில்தான் கிடக்கும். அதோடு, ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்ணை) மறைத்துப் பொய் முகவரி ஒன்றைக் காட்டுகின்றன. அது மாறினால் ஒரே போன் இரண்டு மூன்று பெயராக நிற்கும். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஊசியால் அழுத்திச் செய்யும் ரீசெட்தான் பெரிய கேடு. யூனிஃபை லைனில் சொந்தமாக வாங்கிய ரவுட்டர் போட்டிருந்தால், இன்டர்நெட்டுக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயர், பாஸ்வர்ட், விலேன் 500 என்ற லைன் எண் எல்லாம் அதில் அழிந்துவிடும். மறுபடி போடும்வரை வைஃபை தெரியும், இன்டர்நெட் வராது. அந்த விவரங்களை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் யூனிஃபையின் 100க்கு அழைத்துக் கேளுங்கள்.

பட்டியலை நீங்களே துடைக்கலாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (192.168.0.1 அல்லது 192.168.1.1 போல இருக்கும்) பிரவுசரில் போடுங்கள், அல்லது அதன் செயலியைத் திறங்கள். கிளையண்ட் (இணைந்த கருவிகள்) பட்டியலில் ஆஃப்லைன் பகுதிக்குப் போய், நீக்கும் பொத்தான் இருந்தால் நீக்குங்கள். சில மாடல்களில் அது இருக்காது. ரவுட்டர் சுவிட்சை அணைத்துப் போட்டாலே பல பெயர்கள் போய்விடும். போகாவிட்டாலும் கெடுதல் இல்லை, விட்டுவிடுங்கள்.

‘பிளாக்’ மட்டும் அழுத்தாதீர்கள். அது நீக்குவது அல்ல, தடுப்பது. அடுத்த தீபாவளிக்கு மகன் வந்தால் போன் இணையாது, காரணமும் யாருக்கும் புரியாது.

கவனிக்க வேண்டியது ஆன்லைனில் நிற்கும் தெரியாத பெயரைத்தான். முதலில் வீட்டு டிவி, சிசிடிவி, டேப்லெட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒன்று மிஞ்சினால் வைஃபை பாஸ்வர்டை மாற்றுங்கள். மாற்றியதும் எல்லாம் கழன்றுவிடும். புதிய பாஸ்வர்ட் தெரிந்தவர் மட்டுமே திரும்ப வர முடியும்.

ஏற்கெனவே அப்படி ஒருவர் வந்து கைவைத்துவிட்டாரா? அட்மின் பாஸ்வர்டையும் (ரவுட்டர் அமைப்புகளைத் திறப்பது) வைஃபை பாஸ்வர்டையும் உடனே மாற்றுங்கள். ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ திறந்திருந்தால் மூடுங்கள். திறந்து கிடந்தால், அட்மின் பாஸ்வர்ட் தெரிந்தவர் வெளியிலிருந்தே உள்ளே வரலாம். இந்த மூன்றையும் பார்க்காமல் விடவே கூடாது.

ரிசிட் கேளுங்கள். தராவிட்டால் வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய பதிவையும் அழிக்காமல் வையுங்கள். மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். வக்கீல் தேவையில்லை.