ஹெட்போன், எம்ஆர்டி, ஆலாபனை: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

இரைச்சல் நீக்கும் ஹெட்போனை ஒரு வாரம் மட்டும் கேட்டுவிட்டு எழுதும் மதிப்புரைகளை நம்ப வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் ஹெட்போன் அதிகம் மாறுவதில்லை, கேட்பவரின் மூளைதான் மாறுகிறது. "ஐம்பது மணி நேரம் ஓடவிட்டால் சரியாகிவிடும்" என்று கடையில் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பழக்கம். காதைச் சுற்றிய மெத்தை இளகிப் படிவது கொஞ்சம். கீழே உள்ளது, பகலில் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில், இரவில் வீவக அடுக்குமாடி வீடு, கர்நாடக சங்கீதமும் திரைப்பாட்டும் என்று மூன்று வருடம் ஓடிய பிறகு தெரியும் நிலவரம்.

எம்ஆர்டியின் டௌன்டவுன் பாதை முழுக்கச் சுரங்கம். இரைச்சல் நீக்கி இல்லாமல் அதில் கச்சேரி கேட்டால் முதலில் காணாமல் போவது மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்), அடுத்து தம்புரா. ரயிலின் உறுமல் தாழ்ந்த ஒலி. உட்காதில் சுமார் 35 மி.மீ. நீளச் சவ்வு ஒன்று சுருண்டிருக்கிறது. உச்ச ஒலிக்கு அதன் வாசல் பக்கம் அதிரும், தாழ்ந்த ஒலிக்குக் கடைக்கோடி. உறுமல் கடைக்கோடிக்குப் போகும் வழியில் மற்ற இடங்களையும் ஆட்டிவிட்டே போகும். அதனால் அது தனக்கு மேலே இருக்கும் சுரங்களையும் சேர்த்து விழுங்குகிறது. ஹெட்போன் இந்த உறுமலைத்தான் எதிரலை அனுப்பி அடக்குகிறது. ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் அலை குட்டை. எதிரலை நேரம் தப்பிவிடும். பக்கத்து இருக்கையின் போன் பேச்சு, நிலைய அறிவிப்பு, மேல்மாடி ரெனவேஷன் டிரில்லின் கிறீச்சு எல்லாம் உள்ளே வரும். பழுது என்று திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அவற்றைத் தடுப்பது மெத்தை மட்டுமே.

அந்த மெத்தைதான் இந்த ஊரில் முதலில் சாகும். செயற்கைத் தோல் நம் புழுக்கத்துக்கும் வியர்வைக்கும் இரண்டு வருடத்துக்குள் உரிந்து, கறுப்புத் துகளாகக் காதில் ஒட்டத் தொடங்கும். உரிவதற்கு முன்பே மெத்தை ஓரத்தில் ஒலிக் கசிவு வந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் தடித்த காம்பும் அதே வேலையைச் செய்யும். சோதிக்க எளிய வழி: தம்புரா ஒலியை ஓடவிட்டு இரண்டு கிண்ணத்தையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். கனம் கூடினால் கசிகிறது.

மாதக்கணக்கில் இது தெரியாமல் போவதற்குக் காரணம் மூளை. 130 ஹெர்ட்ஸ் சட்ஜத்தில் பாடும் ஆண் குரலில் அந்த 130 கசிந்து போனாலும் 260, 390, 520 மிஞ்சும். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்து மூளை 130ஐத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. சுருதி அப்படியே நிற்கும், உடம்பு மட்டும் மெலியும். கைப்பேசியின் குட்டி ஸ்பீக்கரில் பாட்டு புரிவதும் இதனால்தான். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்குச் சுருதி சேர்வதும் இதற்குப் பக்கத்துச் சங்கதி: நடுவில் பூசிய கரணை, மேலொலிகளை முழு எண் விகிதத்தில் நிறுத்துகிறது. சி.வி. ராமன் 1920இலேயே இதை விளக்கிவிட்டார்.

மாற்று மெத்தை வாங்கும்போது உங்கள் மாடலுக்கே வெட்டியதாகப் பாருங்கள். பழையதைக் கழற்றத் தட்டையான பிளாஸ்டிக் துண்டு போதும்; ஸ்க்ரூடிரைவர் கொக்கியை உடைக்கும். வெல்வெட் மெத்தை வியர்க்காது, ஆனால் காற்று புகும். தாழ்ந்த ஒலியும் இரைச்சல் நீக்கமும் சேர்ந்தே குறையும். வெள்ளி மிச்சம் என்று அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள்.

ஒலியளவு விஷயத்தில் காது நேர்மையானதல்ல. ஒலி குறையக் குறையத் தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்வதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினார்கள். ஆகவே ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஹெட்போன் 'தரமானது' போலத் தோன்றும். இரண்டை ஒப்பிட, முதலில் ஒலியளவைச் சமப்படுத்துங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபெல். 3 டெசிபெல் ஏறினால் நேரம் பாதி. தினம் இரண்டு மணி நேரம், வாரம் ஐந்து நாள் பயணத்துக்கு 86தான் உச்சவரம்பு, அதுவும் மற்ற நேரத்தில் எதுவும் கேட்காவிட்டால். இரைச்சல் நீக்கியின் மெய்யான லாபம், ஒலியைக் கூட்டும் தேவையே இல்லாமல் போவது.

பாட்டுச் செயலியில் உள்ள இரண்டு அமைப்புகள் விலையுயர்ந்த மாடலைவிட முக்கியம். மொன்றியாலின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு 2011இல் ஸ்கேனில் பார்த்தது இது: சிலிர்க்க வைக்கும் கட்டத்தில் மட்டுமல்ல, அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும் விநாடிகளிலேயே மூளையின் வேறொரு பகுதியில் டோபமின் என்ற இன்ப ரசாயனம் சுரக்கிறது. ஆலாபனையில் மேல் சட்ஜத்தைத் தொடாமல் நிஷாதத்திலேயே சுற்றிச் சுற்றி வருவதன் ருசி அதுதான். ஆகவே பாடல்களை ஒன்றன்மேல் ஒன்று கலக்கும் கிராஸ்ஃபேடை அணையுங்கள். ஆலாபனை, கிருதி, தனி ஆவர்த்தனம் என்று துண்டாக்கிய தொகுப்புகளுக்கு இடைவெளியில்லாத ஓட்டத்தைப் போடுங்கள். ஷஃபிள் திரைப்பாட்டுக்குச் சரி. கோர்வை (தாள முடிப்பு) சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், விழும் நேரத்தில் அடுத்த தடம் நுழைந்தால் காத்திருந்தது வீண். இத்தனை செய்தும் இசையில் இன்பமே எழாதவர்களும் உண்டு. காதும் மூளையும் நன்றாக இருந்தும் அப்படி இருப்பவர்களைப் பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களிடம் எந்த ஹெட்போனையும் சிபாரிசு செய்து பயனில்லை.

பாட்டு சாதகத்துக்கு இந்த வகை ஹெட்போன் ஏற்றதல்ல. இரண்டு காதையும் மூடினால் சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும், சுருதி விலகுவது தெரியாது. ஒரு பக்கத்தைத் தள்ளி வையுங்கள். புளூடூத்தில் சுருதிப்பெட்டி செயலியும் தாளச் செயலியும் பிரச்சினையில்லை, தாமதம் எல்லா அடிக்கும் ஒன்றே. ஆனால் சொந்தக் குரலையோ கீபோர்டையோ அதன் வழியே கேட்காதீர்கள். சுமார் 0.2 விநாடி பிந்தி வரும் தன் குரலைக் கேட்டால் பேச்சே திக்கும். அதற்கு வயர்தான். வயரில் மின்சாரத்தை அணைத்துக் கேட்டால் சில மாடல்கள் சப்பென்று ஒலிக்கும். உள்ளிருக்கும் ஒலித்திருத்தச் சிப்பும் சேர்ந்து அணைந்துவிடுவதுதான் காரணம். சுவிட்சைப் போட்டே வயரில் கேளுங்கள்.