ரோல்பேக்கா, டிடியூவா? பாதியில் நின்ற கிராபிக்ஸ் டிரைவருக்கு எது மருந்து

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்தால் எங்காவது ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தே தீரும். போன ஐப்பசியில் அது விழுந்த நேரம், என் கடைக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் டிரைவர் (படம் காட்டும் கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அப்டேட் பாதி ஏறியிருந்தது. திரை ஒருமுறை கருத்தது. திரும்பி வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று சித்திரையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

கரண்ட் வந்து ஆன் செய்தால், விண்டோஸ் வட்டம் சுற்றுகிறது, அப்புறம் ஒரே கருப்பு. உள்ளே ஒரு கல்யாண ஆல்பம் பாதி டிசைனில் கிடக்கிறது. குன்னூர் நண்பர் போனில், "ரோல்பேக் போடுங்கண்ணா, ரெண்டு நிமிஷ வேலை" என்றார். பழைய டிரைவருக்கே திரும்பும் வழி அது. மச்சான், "டிடியூ போட்டுத் துடைச்சிடுங்க மாமா" என்றான். டிரைவரை வேரோடு துடைக்கும் கருவி அது. கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு சர்வீஸ் கடையில் கேட்டால், "ஃபார்மேட்தான் சார், கொண்டு வாங்க". மூன்று பேர் சொன்னதும் ஏதோ ஒரு கோளாறுக்குச் சரியான பதில்தான். என் கோளாறு எது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. அந்த ராத்திரி நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எந்த வழிக்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஆன் செய்ததும் கம்பெனி லோகோ திரையில் வருகிறதா? அதுவே வரவில்லை என்றால் டிரைவரைத் திட்டிப் பயனில்லை. அந்த நேரத்தில் விண்டோஸே ஏறியிருக்காது. கேபிள், மானிட்டர், கார்டு, ரேம் என்று வேறு பக்கம் தேட வேண்டும். லோகோ வந்து, வட்டம் சுற்றி, அதன் பிறகு இருண்டால் டிரைவர் மேல் சந்தேகப்படலாம். அப்போது விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து ஒருமுறை அழுத்திப் பாருங்கள். டிரைவர் வெறுமனே தொங்கியிருந்தால் ஒரு பீப் சத்தத்தோடு திரை திரும்பிவிடும். காசில்லாத வைத்தியம்.

அது பலிக்காவிட்டால் சேஃப் மோடு, அதாவது அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸ் திறக்கும் நிலை. வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாக ரிப்பேர் திரைக்குப் போகும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகத் தேர்ந்து, பிறகு கீபோர்டில் 4. புது லேப்டாப்பாக இருந்தால் நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போனிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதே ரிப்பேர் திரையில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்று ஒன்று முதலில் கண்ணில் படும். அது பூட் கோப்புகளைச் சரிசெய்ய வந்தது. கிராபிக்ஸ் டிரைவர் விஷயத்தில் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி வந்து கைவிரிக்கும். 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கழற்றுவதும் விண்டோஸின் சொந்த அப்டேட்டுகளைத்தான்.

சேஃப் மோடில் மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவர்தான் ஓடும். படம் பெரிது பெரிதாகத் தெரியும், அதனால் பரவாயில்லை. படம் வந்தாலே கார்டு செத்துவிடவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

இனி ரோல்பேக்கும் டிடியூவும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல்பேக். நெட் வேண்டாம், பென்டிரைவ் வேண்டாம், இரண்டு மூன்று நிமிடத்தில் பழைய டிரைவர் உட்கார்ந்துவிடும். எப்போது கரண்ட் போகுமோ என்ற ஊரில் அந்த இரண்டு நிமிடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் பழைய டிரைவர் விண்டோஸிடம் பத்திரமாக இருந்தால்தான் பட்டன் உயிரோடு இருக்கும். இல்லாவிட்டால் மங்கிக் கிடக்கும். தன் சிஸ்டத்தில் பட்டன் மங்கியே இருக்கிறது என்று மச்சான் குறைபட்டதற்குக் காரணம் அவனேதான். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் டிடியூ போட்டுச் சுத்தம் செய்கிறவனுக்குப் பின்வாங்க ஏது இடம்?

டிடியூ, அதாவது டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், வாக்னார்ட்சாஃப்ட் தரும் இலவசக் கருவி. கோப்புகள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) பதிவுகள், விண்டோஸ் டிரைவர் நகல்களை வைக்கும் டிரைவர் ஸ்டோரில் ஒட்டிக்கொண்டிருப்பவை என எல்லாவற்றையும் வழித்தெடுக்கும். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் ஓட்ட வேண்டும். நெட் இருந்தால் ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸ் அப்டேட் தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரைத் திணித்துவிடும். கருவி சின்னதுதான். துடைத்த பிறகு ஏற்ற வேண்டிய டிரைவர்தான் 700, 800 எம்பி வரை வரும். பனி இறங்கிய சாயங்காலம் எங்கள் தெருவில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி அதை இறக்குவது ஒரு பிரார்த்தனை.

எனக்கு ரோல்பேக் பட்டன் உயிரோடுதான் இருந்தது. அழுத்தினேன், டெஸ்க்டாப் வந்தது. குன்னூர்க்காரருக்கு நன்றி சொல்லிப் போனை வைத்தேன். போட்டோஷாப் திறந்து பத்தாவது நிமிடம் மறுபடி கருப்பு. புது டிரைவரின் பாதியும் பழையதும் உள்ளே கலந்து கிடந்திருக்கின்றன. டிடியூ போட்ட பிறகுதான் அடங்கியது. நான் பிரித்துப் பார்க்காமல் விட்டது இதைத்தான்: முழுதாக ஏறிய டிரைவர் சரியில்லை என்றால் ரோல்பேக் போதும், டிடியூ அதிகப்படி. ஏறுவது பாதியில் அறுந்தால் நேராக டிடியூ, ரோல்பேக்கில் நேரத்தை விடாதீர்கள். கீழே இருப்பவர்களுக்கு முதல் வகை அதிகம் வருமோ என்னவோ, மலையில் நமக்கு வருவதெல்லாம் இரண்டாவதுதான்.

கணினியை முன்பு பதிந்துவைத்த ஒரு நாளின் நிலைக்கு (ரீஸ்டோர் பாயின்ட்) திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ரெஜிஸ்ட்ரியையும் சேர்த்துப் பின்னால் கொண்டுபோகும், உங்கள் போட்டோக்களைத் தொடாது, நடுவில் போட்ட சாஃப்ட்வேர்களைக் கழற்றிவிடும். ஆனால் அப்படிப் பதிந்துவைக்கும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷன் முன்பே ஆன் ஆகியிருக்க வேண்டும். பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கும். விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பில் 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு ரீஸ்டோர் பாயின்ட்டுகள் 60 நாள் வரைதான் நிற்கும். ஓடும்போது கரண்ட் போனால் இருக்கும் சங்கடம் இரட்டிப்பாகும், அதனால் நல்ல யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

ரீசெட்டோ ஃபார்மேட்டோ, இந்தக் கோளாறுக்கு ஈயை அடிக்க உலக்கை எடுப்பது மாதிரி. 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் போட்டோஷாப், பிரின்டர் டிரைவர், பாமினியில் தொடங்கி சேர்த்து வைத்த எழுத்துருக்கள் எல்லாம் போகும். விண்டோஸையே நெட்டில் இறக்கும் கிளவுட் டவுன்லோடு என்றால் 4 ஜிபி. மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் வளைந்து இறங்கி, அதையே காசு கொடுத்துச் செய்துகொண்டு வருவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகுங்கள். இன்டெல் ப்ராசஸர் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் இது நடக்காது, அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. உள் கிராபிக்ஸ் இருப்பவர்கள் ஆல்பத்தை அனுப்பிவிட்டு, டிடியூவை நிதானமாக மறுநாள் பார்க்கலாம்.

என் மேஜை டிராயரில் இப்போது ஒரு 16 ஜிபி பென்டிரைவ் கிடக்கிறது. உள்ளே டிடியூ, ஒழுங்காக ஓடிய டிரைவர் பதிப்பு, எழுத்துருக்களின் நகல். யூபிஎஸ் பேட்டரியும் மாற்றியாயிற்று, கார்த்திகையில்.