கண் அழுத்த நோய்க்கு எந்த ஆபரேஷன்? நோயாளியின் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு ஆபரேஷன் என்றதும் நம் ஊரில் பலரும் கண்புரை ஆபரேஷனைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நாலே நாளில் பேப்பர் படித்தார், நமக்கும் அப்படித்தான் என்று நம்பி வருகிறார்கள். ஆனால் கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் செய்கிறார்கள். முதல் சில வாரங்கள் முன்பைவிட மங்கலாகக்கூடத் தெரியலாம். இது மனத்தில் பதிந்த பிறகு பேசினால்தான் ‘எதைத் தேர்ந்தெடுப்பது’ என்ற பேச்சு உருப்படியாக இருக்கும்.

டாக்டரின் கவலை, கண்ணின் பிரஷர் எத்தனைக்கு இறங்கும் என்பது. நோயாளியின் கேள்விகள் வேறு: சொட்டு மருந்து நிற்குமா? எத்தனை தடவை வர வேண்டும்? எப்போது வேலைக்குப் போகலாம்? என் பார்வையில், இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான் ஆபரேஷன்களுக்குள் பெரிய வித்தியாசமே இருக்கிறது.

டிராபெகுலெக்டமி என்ற ஆபரேஷனை 1968இல் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் விவரித்தார். வெண்விழியில் சிறு கதவு போல வெட்டி, கண்ணுக்குள் தேங்கும் நீரை மேல் இமைக்கு அடியில் வடிய விடுவது. பிரஷரை 10, 12 என்ற அளவுக்கு இறக்குவதில் இதற்கு இன்றும் தனி இடம் உண்டு. நன்றாக அமைந்தால் பல ஆண்டுகள் சொட்டு மருந்தே தேவைப்படாது. ஆனால் வேலை ஆபரேஷன் தியேட்டரோடு முடிவதில்லை. முதல் மாதம் கிட்டத்தட்ட வாராவாரம் வர வேண்டியிருக்கும். ஸ்லிட் லேம்ப் என்ற கண் பரிசோதனைக் கருவி முன்னால் தாடையை வைத்து உட்கார்ந்தால், பிரஷர் ஏறியிருக்கும் பட்சத்தில் உள்ளே போட்ட தையல்களில் ஒன்றை லேசரால் அறுத்துவிடுவார்கள். நொடி நேர வேலைதான். அந்த நேரத்தில் ஆள் அங்கே இருக்க வேண்டுமே! மூன்று பஸ் மாறி, கூட ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, நீர் வடிந்து இமைக்கு அடியில் உருவாகும் சிறு மேட்டில் கிருமி தொற்றும் ஆபத்து ஆயுளுக்கும் உண்டு. கண் சிவந்து, வலித்து, பீளை கட்டினால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். கிணற்றில் குதித்துக் குளிக்கிறவர் இதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

டியூப் ஆபரேஷனில் மெல்லிய குழாய் ஒன்று கண்ணுக்குள்ளிருந்து நீரை வெளியே வைத்த தட்டுக்குக் கொண்டுபோகும். மதுரை அரோலேப் நிறுவனம் தயாரிக்கும் ‘ஆடி’ கருவி, இறக்குமதிக் கருவிகளைவிட விலை மிகக் குறைவாக இருப்பதால், நம் பக்கத்து ஏழை நோயாளிகளுக்கும் இது எட்டுகிறது. குழாயைக் கரையும் நூலால் கட்டியிருப்பார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை சொட்டு மருந்தை நிறுத்தக்கூடாது. பிறகும் பலருக்கு ஒன்றிரண்டு மருந்து தொடரும். ஏற்கெனவே ஆபரேஷன் ஆன கண்களில் இரண்டையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், 5 ஆண்டுகளில் டியூப் தோற்றது சுமார் 30 சதவீதம். டிராபெகுலெக்டமி தோற்றது சுமார் 47 சதவீதம். ஆபரேஷனே ஆகாத கண்களில் நடந்த இன்னொரு ஆய்வில் முதல் ஆண்டில் நிலைமை தலைகீழ்: தோற்றது டியூப் 17 சதவீதம், டிராபெகுலெக்டமி 8 சதவீதம். அதே சமயம், கடுமையான சிக்கல்கள் டியூபில்தான் குறைவு.

மூன்றாவது, கண்புரையோடு சேர்த்துச் செய்யும் சிறு ஆபரேஷன்கள். ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள ஐஸ்டென்ட் என்ற குட்டிக் குழாயைப் பொருத்தலாம். கருவியே இல்லாமல் நூலைக் கொண்டு கண்ணின் வடிகாலைத் திறந்துவிடவும் செய்கிறார்கள். சீக்கிரம் குணமாகும், இமைக்கு அடியில் மேடு கிடையாது. கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போவது இதுதான். ஆனால் பிரஷர் பெரும்பாலும் பதினைந்துக்குச் சற்று மேலேயே நிற்கும். பார்வை நரம்பு பெரிதும் கெட்டுப்போனவருக்கு அது போதாது. அங்கே நோயாளியின் விருப்பத்துக்காக இதைச் செய்வது சரியில்லை என்று அழுத்திச் சொல்வேன்.

ஆபரேஷனே வேண்டாம், மருந்தே போதும் என்பவர்களும் உண்டு. முற்றிய நிலையில் முதன்முதலாக வந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகள் கழித்து அன்றாட வாழ்க்கைத் தரத்தில் மருந்துக்கும் டிராபெகுலெக்டமிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிரஷர் மட்டும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு சுமார் 12, மருந்தில் இருந்தவர்களுக்கு சுமார் 15. ஆக, ஆபரேஷன் செய்தால் வாழ்க்கையே முடங்கிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை.

முதல் ஆபரேஷன், நோய் முற்றியிருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே, கூட வர ஆளும் உண்டு என்றால் நான் டிராபெகுலெக்டமி பக்கம். தூரத்து ஊர், அடிக்கடி வர வழியில்லை, மருந்து போட்டுவிட வீட்டில் ஆள் இருக்கிறது என்றால் டியூபைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். புரையும் இருக்கிறது, நோய் ஆரம்பக்கட்டம்தான் என்றால் சிறு ஆபரேஷன். கை நடுங்கிச் சொட்டு மருந்தைக் கன்னத்தில் விட்டுக்கொள்ளும் பெரியவராக இருந்தால், அதையும் ஆஸ்பத்திரி கவுன்சலரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தினமும் மருந்து போடுகிறீர்கள் என்று நம்பித்தான் டாக்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.